பெட்டி வந்த நாள்



பிழைப்பின் பொருட்டு மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் சென்று வாழும் தமிழன்பர்களுக்கு, ஊரிலிருந்து ஒரு புதுப்படம் வந்து சேரும் நாள் எத்தகையது என்று நாங்கள் விளக்க வேண்டுவதில்லை. மாதுங்காவின் அரோரா திரையரங்கு வாயிலில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நின்றவர்கள் உங்களுள் பலர் இருக்கக்கூடும். நீங்கள் ஊரை விட்டுச் சென்றீர்கள். பாலக்காட்டுக் கிழக்கெல்லையிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் நாங்களோ இருந்த இடத்திலேயே இருந்தோம், மாநிலந்தான் மாறிற்று. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது, பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தோடு அதில் சேர்ந்தது. அதன் கிழக்கே தமிழ் மிகுதியும் வழங்கும் கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களைக் கொண்ட சிற்றூர்ப் பகுதி, பழைய கொச்சி நாட்டின் வழியாக வந்தது. தேவிகுளமும் பீர்மேடும், தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று எழுந்த கிளர்ச்சிக்குப் பின்னும், கேரளத்திலேயே நின்றன. இடுக்கி என்ற மாவட்டம் 1972 சனவரியில்தான் பிறந்தது.

இத்தகைய எல்லைப்புறத்தில் ஒரு தமிழ்ப்படத்தின் முதல் நாள் எப்படி நடந்தது, அதற்கு யார் யார் உழைத்தார்கள் என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

படத்தின் முதல் நாளை ஒரு திருவிழாவாகத் தமிழர் கொண்டாடத் தொடங்கியது பேசும் படத்தின் பிறப்போடு நிகழ்ந்தது. 1931 அக்டோபர் 31-ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. படச்சுருள் அடங்கிய பெட்டி பம்பாயிலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது, சென்ட்ரல் நிலையத்தில் பெருங்கூட்டம் கூடிவிட்டது. வால்டாக்ஸ் சாலை வழியாகப் பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுபோயினர், ரோசாப்பூ தூவினர், தேங்காய் உடைத்தனர், சாம்பிராணிப் புகை காட்டினர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுள் ஒருவரும் கண்டதில்லை. ஆயினும் உற்சவமூர்த்திக்குச் செய்யும் உபசாரம் அனைத்தையும் ஒரு தகரப் பெட்டிக்குச் செய்தார்கள். இதை அறியாமை என்று நகைத்தவர் அன்றும் உண்டு. நாங்கள் அப்படி நகைக்க மாட்டோம். தம் மொழி இயந்திரத்தின் வாயால் பேசுகிறது என்று கேள்விப்பட்ட மக்கள் வேறு எவ்வாறு அதை எதிர்கொண்டிருக்க முடியும்?

அதன்பின் இந்தத் திருவிழாவைப் படமுதலாளிகள் தாமே திட்டமிட்டு நடத்தக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுள் தலையாயவர் ஜெமினி எஸ்.எஸ்.வாசன். 'சந்திரலேகா' 1948 ஏப்ரல் 9-ஆம் நாள் தென்னாட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட கொட்டகைகளில் ஒரே நாளில் வெளியிடப்பட்டது. முப்பது லட்சம் ரூபாய் செலவாயிற்று என்பர். முரசு நடனத்திற்கு நானூறு பேர் ஆறு மாதம் ஒத்திகை பார்த்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் இந்திப் பதிப்பும் வெளிவந்தது. படம் எடுப்பதில் காட்டிய அக்கறையை அதை அறிவிப்பதிலும் வாசன் காட்டினார். நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம், நாட்காட்டி, வண்ணச் சுவரொட்டி, சிறுநூல் என்று திரும்பிய பக்கமெல்லாம் 'சந்திரலேகா'வாக இருந்தது. பத்திரிகை நடத்தியவர் அல்லவா, வாசகனை வாரக்கணக்கில் காத்திருக்கச் செய்யும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

1957-இல் 'வணங்காமுடி'க்காகச் சென்னை சித்ரா கொட்டகையின் முன் சிவாஜி கணேசனின் உருவத்தை எண்பதடி உயரத்தில் நிறுத்தினார்கள் என்பர். 1959 மே 10-ஆம் நாள் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' சென்னைக்கு முன்னதாகவே லண்டன் மாநகரில் திரையிடப்பட்டது. சென்னையில் அது மே 16-ஆம் நாள் வெளியாயிற்று. வெள்ளையரை எதிர்த்துத் தூக்கிலேறியவன் கதையை வெள்ளையர் தலைநகரிலேயே முதலில் காட்டிய அந்தத் துணிவை எண்ணி நாங்கள் இன்றும் மகிழ்வதுண்டு.

தலைநகரங்களில் மாலையும் மேடையும் நிழற்படக்காரரும் இருந்தார்கள். ஆகவே அவ்விழாக்கள் ஏடுகளில் பதிவாகியுள்ளன. எங்கள் ஊர்களில் நடந்தவற்றைப் படம் பிடித்தவர் இல்லை.

படம் வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே கொட்டகையின் பின்புறத்தில் அண்டாவில் மைதாப் பசை காய்ச்சுவார்கள். அதில் சிறிது மயில்துத்தம் கலப்பார்கள். இல்லையேல் சுவரொட்டியைப் பசியெடுத்த மாடு கிழித்துத் தின்றுவிடும். சிவகாசியில் அச்சான சுவரொட்டியில் எழுத்தெல்லாம் தமிழில் இருக்கும். அதன் கீழே கொட்டகையின் பெயரும் காட்சி நேரமும் கொண்ட துண்டுத்தாள் ஒன்றை மலையாளத்திலும் தமிழிலும் உள்ளூரில் அடித்து ஒட்டுவார்கள். வாயிலுக்கு மேலே வைக்கும் பெரிய துணிப்படம் உள்ளூர் ஓவியரின் கைவண்ணம். ஒரு சிறிய நிழற்படத்தின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, அதே கணக்கில் துணியிலும் கோடிட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கி வரைவார். தரையில் விரித்த துணியின்மேல் குந்தியிருந்து அவர் மூக்கை வரையும்போது அது யாருடைய மூக்கு என்று நமக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்து அதைத் தூக்கி நிறுத்தியதும் பத்மினி நம்மைப் பார்த்துச் சிரிப்பார். அந்தப் படம் ஓடி முடிந்ததும் துணியின்மேல் வெள்ளையடித்து அடுத்த படத்தை வரைவது வழக்கம். எனவே அந்த ஓவியர்களின் கைவேலை இன்று ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

பிறகு வண்டி புறப்படும். இரட்டை மாட்டு வண்டியின் இருபுறமும் தட்டி சார்த்தி, உள்ளே ஒருவர் தப்படிக்க, மற்றொருவர் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே வருவார். 'பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு' என்பதை அவர் தமிழில் ஒருமுறையும் மலையாளத்தில் ஒருமுறையும் சொல்வார். வண்ணத்தாளில் அச்சிட்ட நோட்டீசை அவர் வீச, நாங்கள் பின்னால் ஓடிப் பொறுக்குவோம். அந்த நோட்டீசில் கதைச்சுருக்கம் பாதிதான் இருக்கும். மற்றவை வெள்ளித்திரையில் என்று நிறுத்திவிடுவார்கள். எங்களுள் பலருக்குத் தமிழ் எழுத்து பழகியது இந்த நோட்டீசுகளிலும், கொட்டகை வாசலில் இரண்டணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்திலும்தான். பள்ளியில் மலையாளம் படித்த பிள்ளைகளுக்கு வேறு தமிழ்ப் புத்தகம் எளிதில் அகப்பட்டதில்லை. இதை மிகைப்படுத்திச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டா.

எங்கள் நாட்காட்டியில் பண்டிகைகள் இருமடங்கு. தமிழ்ப்படத்துக்குத் தீபாவளியும் பொங்கலும், மலையாளப் படத்துக்கு ஓணமும் விஷுவும். இரு மொழியாரும் இரு படத்தையும் பார்த்தார்கள். மலையாளத்தின் முதற் பேசும் படமான 'பாலன்' சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர்.சுந்தரம் தயாரித்து 1938-இல் வெளிவந்தது. எனவே மலையாள நாட்டாரின் முதல் பெட்டியும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது என்க.

பெட்டி வரும் வழி பெரும்பாலும் ரயில். வாளையாற்றுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் வண்டி ஒலவக்கோட்டில் நிற்கும். இன்று அதற்குப் பாலக்காடு சந்திப்பு என்று பெயர். பார்சல் பெட்டியிலிருந்து இறக்கியதும் மாலை சூட்டிக் கற்பூரம் காட்டுவார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியில் ஏற்றுவார்கள். முன்னே நாதசுரம் போகும், அல்லது செண்டை போகும். கையில் காசு இருந்த ஆண்டில் இரண்டும் போகும். மூன்று மணி நேரப் படம் என்றால் பதினாறாயிரம் அடிக்கு மேல். ஆயிரம் அடி கொண்ட ஒரு சுருள் பதினொரு நிமிடம் ஓடும். அத்தனையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஒரு தீபாவளியன்று பெட்டி வரவில்லை. கொட்டகையின் பெயர் எதற்கு? வாழைமரம் கட்டியாயிற்று, தோரணம் ஆடுகிறது, சீட்டு முழுதும் விற்றாயிற்று. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்தி வந்த கூட்டம் பத்து மணி வரை பொறுத்தது. இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். பதினொரு மணிக்கு முதலாளி முற்றத்தில் வந்து கைகூப்பி நின்றார். பெட்டி நண்பகலுக்குப் பின்னரே வந்தது. அதுவும் பாதிப் பெட்டிதான். ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகளுக்குப் பகிர்ந்துகொடுத்திருந்தார்கள். அங்கே ஓடி முடிந்த சுருளை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு ஓர் இளைஞர் இங்கே வர வேண்டும், திரும்ப வேண்டும், மீண்டும் வர வேண்டும். இடைவேளை ஒரு மணி நேரம் நீண்டது. அவர் வியர்த்து வந்து இறங்கிய ஒவ்வொரு முறையும் வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கதாநாயகன் திரையில் தோன்றியபோது எழுந்த ஆரவாரத்துக்கு அது குறைந்ததன்று.

அன்றிரவு கடைசிக் காட்சி முடிந்தபின் ஆபரேட்டரைக் கண்டோம். அக்காலத்தில் விளக்கு என்பது இரு கார்பன் குச்சிகளின் இடையே எரியும் பொறி. குச்சி தேயத் தேய நெருக்கி வைக்க வேண்டும். ஒரு சுருள் முடியுமுன் திரையின் வலப்புற மேல்மூலையில் ஒரு சிறு புள்ளி மின்னும். அது கண்டவுடன் இரண்டாவது இயந்திரத்தை ஓடவிட்டுச் சுருளை மாற்ற வேண்டும். தவறினால் வெள்ளைத் திரையும் வசைமொழியும் மிஞ்சும். "படம் எப்படி அண்ணா?" என்று கேட்டோம். "நல்லாத்தான் இருக்கும் தம்பி. நான் பாத்ததெல்லாம் அந்த மூலையைத்தான்" என்றார்.

இவ்விடத்தில் ஒரு பெண்மணியை நினைக்காமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. மலையாளத்தின் முதற் பேசாப் படமான 'விகதகுமார'னை எடுத்தவர் அகத்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி.டேனியல். அதன் முதற் காட்சி திருவனந்தபுரம் கேப்பிடல் கொட்டகையில் நடந்தது. 1928 என்றும் 1930 என்றும் ஆண்டு சொல்வர். அதில் நாயகியாக நடித்தவர், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பி.கே.ரோசி. அவர் நாயர் குலப் பெண்ணாக வேடம் தாங்கியதைப் பொறாதவர்கள் திரையின்மீது கல்லெறிந்தார்கள். தம்முடைய படத்தின் முதல் நாளில் அவருக்குக் கொட்டகையினுள் இடமில்லை. அவர் குடிசைக்கும் தீ வைத்தனர் என்பர். அவர் தமிழ் வழங்கும் நாகர்கோவிலுக்குத் தப்பி வந்து, வேறு பெயரோடு வாழ்ந்து மறைந்தார். முதல் நாள் விழாக்களின் மினுமினுப்பைப் பற்றிப் பேசுவோர் இந்த முதல் நாளையும் சேர்த்துப் பேசுதல் நேர்மை.

கொட்டகையின் தரை அப்படியே நிலைத்துவிடவில்லை என்பது ஆறுதல். பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேரோடும் வீதியில் ஈழவர் நடக்கலாமா என்று 1924-இல் கலகமே மூண்டது. அதே நகரத்தில் பின்னாளில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய எவரும் கொட்டகைக்குள் நுழையலாயிற்று. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் திரைப்படக் கொட்டகையே என்று பேராசிரியர் கா.சிவத்தம்பி எழுதினார். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பிரிவு இருந்தது. ஆனால் அது காசின் பிரிவு. முதல் நாள் நெரிசலில் அந்தப் பிரிவும் கலைந்து, பட்டுக்கரை வேட்டிக்காரர் தரையில் உட்கார்ந்ததை நாங்கள் கண்டதுண்டு.

மலைமேல் கதை வேறு. மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர் பலர் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஏறியவர்கள். போடிமெட்டு வழியாகப் போடிக்கும், குமுளி வழியாகக் கம்பத்துக்கும் இறங்கினால்தான் அவர்களுக்குப் புதுப்படம். பண்டிகைக்குக் கையில் காசு கிடைத்தால் இறங்குவார்கள். மற்ற நாட்களில் படம் அவர்களைத் தேடி ஏற வேண்டும். திறந்தவெளியில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். கீழே நூறு நாள் ஓடி ஓய்ந்த படம் மேலே வரும். ஆனால் துணி கட்டிய அந்த நாளே மலைக்கு முதல் நாள். கம்பளி போர்த்திய கூட்டம் குளிரில் நெருங்கி அமர்ந்திருக்கும். முன்னால் இடம் கிடைக்காத பிள்ளைகள் துணியின் பின்புறம் போய் உட்காருவார்கள். அங்கே எல்லாம் இடம் வலமாகத் தெரியும். எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுபவர் என்று வெகுநாள் நம்பியிருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவரை நாங்கள் அறிவோம். பின்னர் போடியில் வலக்கையைக் கண்டபோது, ஆள் மாறிவிட்டதாகவே அவர் சண்டையிட்டாராம்.

எம்.ஜி.ஆர். என்றதும் எங்கள் பக்கத்தார்க்கு ஓர் உரிமை உண்டு. கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் அவர் பிறந்தார் எனினும், அவர் அன்னையார் சத்தியபாமா பாலக்காட்டு வடவன்னூரைச் சேர்ந்தவர். அங்குள்ள வீடு 2019-இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. 1958 ஆகஸ்டு 22-ஆம் நாள் 'நாடோடி மன்னன்' வெளிவந்த காலத்தில், 'நம் ஊர்ப் பிள்ளை' என்று தோள்தட்டியவர்கள் இரு மொழியிலும் தட்டினார்கள். எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த எம்.எஸ்.விசுவநாதன் சிறுவயதில் ஒரு கொட்டகையில் தின்பண்டம் விற்றவர். சிற்றூரில் பிறந்த பி.லீலாவின் குரல் தமிழர் வீடெங்கும் ஒலித்தது. முதல் நாள் கூட்டத்தில் முறுக்குத் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு புகுந்து செல்லும் பையன்களைப் பார்க்குந்தோறும் எங்களுக்கு விசுவநாதனின் நினைவு வரும்.

மாநிலம் பிரிந்தபின் முதல் நாளுக்கும் எல்லை வந்தது. படங்களை வட்டாரம் வட்டாரமாக விற்பது திரைப்பட வாணிகத்தின் முறை. கோவை நீலகிரி ஒரு வட்டாரம். மதுரை இராமநாதபுரம் ஒரு வட்டாரம். கேரளம் முழுதும் வேறொரு வட்டாரம். கோயம்புத்தூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவே உள்ள பாலக்காடு, படக்கணக்கில் தொலைதூரத்து ஊராயிற்று. கேரளத்துக்கு விற்பனை முடியாத படம் எங்களுக்கு வாரக்கணக்கில் தாமதமாக வந்ததுண்டு. உறவினர் பார்த்துவிட்டுக் கடிதத்தில் கதையை எழுதிவிடுவார்கள்! அது பொறுக்காதவர்கள் முதல்நாள் இரவே வாளையாறு தாண்டிப் போய்க் கோயம்புத்தூர்க் கொட்டகை வாசலில் துண்டை விரித்துப் படுத்தார்கள். நாங்களும் படுத்திருக்கிறோம். படத்தின்மேல் இருந்த ஆசை பாதி. மற்றப் பாதி, அந்த ஒரு நாளேனும் பிறரைப்போல நாமும் முதல் நாளில் பார்த்தோம் என்ற பேச்சுக்காக.

இன்று பெட்டி இல்லை. படச்சுருள் போய்விட்டது. வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ படம் வந்து சேர்கிறது. அதைத் திறக்கும் எண்ணைக் குறித்த நேரத்தில் மட்டும் வேலை செய்யும்படி அமைத்து அனுப்புகிறார்கள். மாலை சூட்டுவதற்கு ஒரு பொருளும் இறங்குவதில்லை. ஆகையால் மாலையெல்லாம் நடிகரின் உருவப்படத்துக்குப் போகிறது.

ஆயினும் ஒரு புதுமை நிகழ்ந்தது. 2023 அக்டோபர் 19-ஆம் நாள் 'லியோ' என்ற படம் வெளிவந்தது. தமிழ்நாட்டில் காலை ஒன்பது மணிக்கு முன் காட்சி கூடாது என்று அரசு விதித்திருந்தது. கேரளத்திலோ விடியற்காலை நான்கு மணிக்கே முதற்காட்சி. ஆகவே கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர்கள் இரவோடிரவாக வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்கு வந்தார்கள். எந்தப் பாதையில் நாங்கள் கிழக்கே போனோமோ, அதே பாதையில் அவர்கள் மேற்கே வந்தார்கள்.

வேடிக்கை பார்க்கவென்று நாங்களும் அந்த விடியலில் போய் நின்றோம். செண்டை முழங்கிக்கொண்டிருந்தது. தேநீர்க் கடையில் அருகில் நின்ற இளைஞர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க ஐயா, நீங்களும் கோயமுத்தூருங்களா?" என்று கேட்டார்.

"இல்லை தம்பி, நாங்கள் இந்த ஊர்தான்" என்றோம்.

"இங்கயும் தமிழ்க்காரங்க இருக்காங்களாங்க?"

அதற்கு விடை சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. அவர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். உள்ளே அவருக்குப் பக்கத்து இருக்கையே எங்களுக்குக் கிடைத்தது. இடைவேளையில் சொல்லத் தொடங்கினோம்.